ரீச்சரிடம் கேளுங்கள்: சோத்துப் பார்சலும் ஒரு தட்டைச் சிப்பியும்

திருகோணமலையில் எங்கள் வாசிப்பு அறையில் புதன்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டோடு நடக்கும் பேச்சைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பழைய புத்தகத்தில் பூச்சி பிடிப்பது, பேரனின் வல்லினம் மிகும் இடங்கள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "பிரவுன் பேக் செமினார்" என்று ஓர் அறிவித்தல் பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டரை என்று போட்டிருந்ததால் சாப்பாடு தருவார்கள் என்று நம்பிப் போனேன். ஒரு தேத்தண்ணி கூட இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் பெட்டியைத் திறந்து சாப்பிட, நான் மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன பழக்கம்? (வாசகி, உவர்மலை)

பதில்: மகள், கடிதத்தை வாசித்துச் சிரித்ததற்கு மன்னிக்க வேண்டும். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கைப்பைக்குள் இரண்டு மாரி பிஸ்கற் கிடந்ததால் மானம் தப்பியது.

இது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நன்றாக வேரூன்றிய வழக்கம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டை மண்ணிறக் கடதாசிப் பையில் கொண்டுபோவார்கள். அந்தப் பைதான் பெயரில் இருக்கிறது. "உன் சாப்பாட்டை நீயே கொண்டு வா" என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். நமக்குத்தான் அது விளங்குவதில்லை. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணித்தியாலம். அதற்குள் ஒருவர் தான் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி இருபது, முப்பது நிமிடம் சொல்வார். மிச்ச நேரம் கேள்வி. மேடை, மாலை, பொன்னாடை ஒன்றும் கிடையாது. விஞ்ஞானத் துறைகளிலும் உண்டுதான். ஆனால் ஆய்வுகூடத்தில் நாலு பேராக வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்கத் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளலாம். ஓர் ஏட்டையோ கல்வெட்டுப் படியையோ வைத்துக்கொண்டு தனியே குந்தியிருக்கும் கலைப்பீடத்து ஆளுக்கு யார் இருக்கிறார்கள்? சுவர்தான்.

ஒரு கிளைக் கதை. 2013இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நிர்வாகத்தில், இந்த "மண்ணிறப் பை" என்ற சொல்லை அலுவலகக் கடிதங்களில் தவிர்க்கலாம் என்று ஊழியர்களுக்கு ஆலோசனை போயிற்று. ஒரு காலத்தில் கறுப்பின மக்களிடையே சில சங்கங்களும் விருந்துகளும் அந்தப் பையின் நிறத்தோடு ஒருவருடைய தோலை ஒப்பிட்டு, பையைவிடக் கறுப்பாக இருந்தால் உள்ளே விடாமல் வைத்தனவாம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை இறக்குமதி செய்கிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ. எனக்குச் "சோத்துப் பார்சல்" போதும். அதிலும் 2017 செப்டம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்த பிறகு, எங்கள் அறைக்கு வாழையிலைப் பார்சல் கூடியிருக்கிறது. இலை விரிந்ததும் வருகிற அந்த வாசத்துக்கு எந்த வரவேற்புரையும் ஈடில்லை.

கேள்வி: எங்கள் காலத்தில் சொற்பொழிவு என்றால் மாலையில், கோயில் மண்டபத்தில், குத்துவிளக்கேற்றி நடக்கும். மத்தியானம் மனிதன் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். அந்த நேரத்தில் என்ன அறிவு ஏறும்? (ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபர், தம்பலகாமம்)

பதில்: ஐயா, கண்ணயர்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அறையின் மூலைக் கதிரை அவர்களுக்கு என்றே ஒதுக்கியது. எழுப்புவதில்லை.

மாலை நல்ல நேரந்தான். யாருக்கு என்று பாருங்கள். யுத்தக் காலத்தில் இருட்டுப்பட முன்னர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திப் பழகிய ஊர் இது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு வந்து கரை தட்டும் வரை காத்திருந்து கடந்தவர்கள் நாங்கள். ஆறு மணிக் கூட்டத்துக்கு மூதூரிலிருந்து யார் வருவது, வந்தால் எப்படித் திரும்புவது? பெண்கள் மாலையில் வெளிக்கிட்டால் அடுப்பு யார் பார்ப்பது என்ற கேள்வி வேறு. மாலைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மத்திய வீதியிலிருந்து நடந்து வரக்கூடிய ஆண்கள். அதை "ஊரே திரண்டது" என்று பத்திரிகையில் போடுவோம்.

மத்தியானம் எங்களுக்கு அந்நியமும் இல்லை, ஐயா. பகலில் கோயிலில் இருந்து ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்லும் புராணபடனத்தில் வளர்ந்தவர்கள்தானே நாம். திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் கேட்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஒரு வித்தியாசம், அங்கே பயன் சொல்கிறவரை இடைமறித்து "அது எப்படி?" என்று யாரும் கேட்பதில்லை. நான் சிறுமியாக ஒரு தடவை கேட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினேன். இப்போது கேட்கலாம், அதற்காகவே ஓர் அறை வைத்திருக்கிறேன்.

கேள்வி: புதன் மட்டும் ஏன்? (பலர்)

பதில்: வெள்ளி ஜும்ஆத் தொழுகை. செவ்வாயும் வெள்ளியும் பாதிப் பேர் மரக்கறி, அடுத்தவரின் மீன் வாசம் பிடிக்காது. திங்கள் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, ஆட்கள் ஓடுவார்கள். நோன்பு மாதத்தில் பார்சல் கிடையாது. லுஹர் என்ற மத்தியானத் தொழுகை முடிந்து கதை மட்டும். அந்த மாதம் எல்லோருமே சாப்பிடாமல் வருவது என்று யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது.

கேள்வி: பல்கலைக்கழகப் படிப்பாளிகள் தங்களுக்குள் பேசுகிற விடயம். கொப்பி புத்தகத்தோடு சம்பந்தமில்லாத எங்களைப் போன்றவர்கள் வந்து இருந்து என்ன பயன்? பேசுகிறவருக்குத்தான் என்ன பயன்? (சில்லறைக் கடை வைத்திருப்பவர், மூதூர்)

பதில்: தம்பி, இதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பேராதனையிலிருந்து ஒரு தமிழ் விரிவுரையாளர் வந்தார். விடிய முன் புறப்பட்டு, ஹபரணை வழியாகப் பஸ்ஸில் வந்து, களைத்துப்போய் இறங்கினார். எடுத்துக்கொண்டது, எங்கள் திருகோணமலை இறைவன்மேல் சம்பந்தர் பாடிய கோணமலைப் பதிகம். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே" என்ற வரி நம் பிள்ளைகளுக்கும் பாடம். கடல் முத்தை அள்ளி வந்து கரையில் கொழிக்கிறது என்கிறார் சம்பந்தர். விரிவுரையாளர் கேட்ட கேள்வி எளியது. முத்துக் குளிப்பு என்றால் மன்னார். கோணமலைக் கரையில் முத்து எங்கே இருந்தது? அவருடைய விடையும் நல்ல விடை. சம்பந்தர் இந்தக் கரைக்கு வந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. இராமேசுவரத்தில் நின்று இங்குள்ள இறைவனை நினைந்து பாடினார் என்பதுதான் பெரியபுராணம். அப்படியென்றால் பாட்டில் வருவது அவர் நின்ற கரையின் முத்து, அதாவது மன்னார்க் கடலின் முத்து. அல்லது கடல் என்றாலே முத்து வைத்துப் பாடும் புலவர் மரபு. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டில் ஊர் விவரம் தேடுவதில் உள்ள ஆபத்துக்கு அவர் அதை உதாரணமாக வைத்திருந்தார்.

எல்லோரும் தலையாட்டினோம். பாரைக் குழம்பு நன்றாக இருந்தது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் வருவார். பேச்சுக் கேட்க வருகிறவர் என்று சொல்ல முடியாது. பேத்தியைப் பக்கத்துக் கணினி வகுப்பில் விட்டுவிட்டு, அது முடியும் வரைக்கும் மின்விசிறிக்குக் கீழே எங்களோடு இருப்பார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய் திறந்தார். "நான் சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள எங்கட வாப்பா குடாவுல இருந்து தட்டையா ஒரு சிப்பி கொண்டு வருவாரு. வெளிச்சத்துல புடிச்சா விரல் தெரியும். அதுக்குள்ள பொடிப்பொடியா முத்து இருக்கும், ஈய நிறத்துல. அது முத்தில்லையா?"

குடா என்றால் தம்பலகாமக் குடா. விரிவுரையாளர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, வாய்க்கும் கொண்டுபோகவில்லை. கறி காய்ந்துபோகும் வரைக்கும் அந்தத் தாயிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சிப்பி எவ்வளவு பெரிது, சேற்றிலா மணலிலா, அந்த முத்தை யார் வாங்கினார்கள்.

பேராதனைக்குப் போய்ப் பழைய அறிக்கைகளைத் தேடியிருக்கிறார். தம்பலகாமக் குடாவின் அந்தச் சிப்பியை ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கம் குத்தகைக்கு விட்டிருக்கிறது. 1850களில் கெலார்ட் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்திருக்கிறார். 1900களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற கடல்வள ஆய்வாளர் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார். மன்னார்ச் சிப்பி வேறு இனம், இது வேறு. வேறு நாடுகளில் கண்ணாடிக்குப் பதிலாக யன்னலில் பதிக்கிற, ஒளி ஊடுருவும் சிப்பி. இதன் முத்து நகைக்கு அவ்வளவாக உதவாது. இந்தியாவுக்குப் போய், சுட்டுச் சுண்ணாம்பாக்கி வசதியானவர்கள் வெற்றிலையோடு போட்டுக்கொள்வதற்குப் பயன்பட்டது.

சம்பந்தர் பாடியது இந்த முத்தைத்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, ஏழாம் நூற்றாண்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் கிடக்கிற பள்ளத்தை ஒரு சிப்பியால் நிரப்ப முடியாது. ஆனால் "கோணமலைப் பக்கம் முத்தே இல்லை" என்று தொடங்கும் பந்தியை வெட்டிவிட்டார். அந்தப் பந்தி அச்சேறியிருந்தால் பிறகு யாராலும் வெட்ட முடியாது. பெரிய மண்டபத்தில், ஒலிவாங்கி வைத்து, "சபையோர் கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி அனுப்பவும்" என்றிருந்தால் அந்தத் தாய் எழுதியிருப்பாரா?

பேசுகிறவருக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள் அல்லவா. கடையில் கிழங்கு நிறுக்கிற நேரத்தில் நீங்கள் ஆட்களிடம் எத்தனை கேட்டுக்கொள்கிறீர்கள்? அதே மாதிரித்தான். ஒரு புதன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: கோட்டை வாசலில் உள்ள குளக்கோட்டன் கல்வெட்டைப் பற்றி உங்கள் அறையில் ஓர் இளம் விரிவுரையாளர், அது தீர்க்கதரிசனம் இல்லை என்ற பாங்கில் பேசினாராம். சிறுசுகளுக்கு இப்படி இடம் கொடுக்கலாமா? (ஒரு சைவப் பெரியவர், திருகோணமலை நகர்)

பதில்: ஐயா, நான் அங்கே இருந்தேன், அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று, குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என முன்கூட்டிச் சொல்வதாக நாம் முழுதாகச் சொல்லும் பாட்டு வேறு, வாசல் கல்லில் இன்று கண்ணுக்குத் தெரிவது வேறு. கல்லில் இரட்டை மீனும், துண்டு துண்டாகச் சில எழுத்துகளும் இருக்கின்றன. இடைவெளிகளை ஊர் மனப்பாடமாக வைத்திருந்த பாட்டைக் கொண்டு நிரப்பி வாசிக்கிறோம். "பறங்கி" என்ற சொல் கல்லில் இருப்பதால், போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்ததற்குப் பிறகு வெட்டப்பட்டதாக இருக்கலாம் என்பது ஒரு பக்கம். முன்கூட்டிச் சொன்னது என்று நம்புகிறவர்களுக்கு அந்த வாதம் வாதமே இல்லை என்பது மறுபக்கம். இரண்டையும் சொல்லிவிட்டு, "நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை" என்றார்.

அன்று அறையில் உங்களைப் போல ஒரு பெரியவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது. பிறகு அவர் கேட்டது இதுதான்: "எப்போது வெட்டினாலென்ன தம்பி, வெட்டினவனுக்கு என்ன நோவு இருந்திருக்கும்?" 1620களில் கோணேசர் கோயில் இடிபட்டு அதன் கல் கோட்டைச் சுவரில் ஏறிய ஊரில் கேட்கவேண்டிய கேள்விதான். அந்தப் பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டது. இடம் கொடுத்தது சரியா என்று கேட்டால், சரி என்பேன். நீங்கள் அடுத்த முறை வந்து எதிரே இருந்து மறுத்தால் இன்னும் சரி. கடிதத்தில் மறுப்பதைவிட மோர் மிளகாயோடு மறுப்பது சுலபம்.

கேள்வி: நான் ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளர். முதல் தடவையாக மத்தியானப் பேச்சு ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வு பாதியில்தான் நிற்கிறது. முடித்துவிட்டுப் போகட்டுமா? பவர்பொயின்ற் தேவையா? (மட்டக்களப்பு)

பதில்: முடித்துவிட்டுப் போகாதேயும் மகன். அரைவேக்காடு என்றால் எங்கள் வீடுகளில் வசை. ஆனால் இந்தச் சந்தையில் அதற்குத்தான் விலை. வெந்த சோற்றில் யாரும் உப்புச் சரிபார்க்க முடியாது. உமக்கு எது விளங்கவில்லையோ அதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடும். அவையடக்கம் வேண்டாம்; "அறிஞர் பெருமக்கள் நிறைந்த இந்தச் சபையில்" என்று நீர் தொடங்கினால் எதிரே பருப்புப் பிசைகிற ஆள் யாரைச் சொல்கிறீர் என்று திரும்பிப் பார்ப்பார்.

எழுதி வாசிக்காதேயும். ஒரு பாட்டு, ஒரு படம், ஒரு பக்கம். அதற்கு மேல் ஒரு மணித்தியாலத்துக்குள் தாங்காது. கோட்பாட்டுக்காரரின் பெயர் எத்தனை என்று எண்ணிப் பாரும். மூன்றைத் தாண்டினால் இரண்டை வெட்டும்.

படக்கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இன்னும் நல்லது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் நின்ற நாட்களில், கூத்துப் பற்றிப் பேச வந்த ஒருவர் முப்பது படங்களோடு வந்து வெறும் வேப்பமரத்தடியில் இருக்க நேர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குச் சுருக்கியதைப் படத்தில் காட்ட நினைத்தவர், வழியில்லாமல் எழுந்து, விடிய விடிய ஆடும் வரவு ஆட்டம் எப்படி, மேடைக்கு வெட்டிய ஆட்டம் எப்படி என்று இரண்டையும் ஆடிக் காட்டினார். சாப்பிட்டுவிட்டு ஆடினதால் மூச்சு வாங்கியது. அந்த வெட்டில் எது போனது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்று மட்டும் என் பிழையிலிருந்து படித்துக்கொள்ளும். மூலப் பிரதியைச் சாப்பாட்டுக்கு நடுவே சுற்றுக்கு விடாதேயும். ஒரு வீட்டில் மூன்று தலைமுறையாக வைத்திருந்த கும்மிப் பாட்டுக் கொப்பியை நான்தான் ஆசையில் வாங்கி, எல்லோரும் பாருங்கள் என்று கொடுத்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு பெருவிரல், சம்பல் எண்ணெயோடு. யாருடைய விரல் என்று இன்று வரைக்கும் தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்ததும் குனிந்து நின்றதும் நான். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொப்பியை யாருக்கும் தருவதில்லை என்று கேள்வி. போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போம். ஈரத்துணி ஒன்றும் கொண்டு போம்.

கேள்வி: இப்படிப் பேசினால் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்கு ஏதும் உதவுமா? (நிலாவெளி)

பதில்: வந்த ஒருவரிடம் இதையே கேட்டேன். "ஒண்டும் இல்லை ரீச்சர். கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருந்தது" என்றார்.

கேள்வி: திருகோணமலையைப் பற்றிப் பேச கோயிலையும் துறைமுகத்தையும் விட்டால் என்ன இருக்கிறது? (மாணவி, உயர்தரம், பாலையூற்று)

பதில்: பிள்ளை, தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுகிற மோகனாங்கியை எழுதியவர் உம்முடைய ஊர்க்காரர். தி.த. சரவணமுத்துப்பிள்ளை. 1895இல் சென்னையில் வெளிவந்தது. அங்கே மாநிலக் கல்லூரியில் படித்து, கீழைத்தேயச் சுவடிகள் இருந்த நூலகத்தில் வேலை பார்த்தவர். அண்ணன் கனகசுந்தரம்பிள்ளையும் பெரிய தமிழறிஞர். கடல் பார்த்து வளர்ந்த பிள்ளை தன் கதையை ஏன் நாயக்கர் காலத்துத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கொண்டுபோய் வைத்தது? இதைப் பற்றி ஒரு புதன்கிழமை பேச்சு நடந்தது. சுவடிகளுக்கு நடுவே இருந்த வேலை, சென்னை வாசகர்கள் என்று விரிவுரையாளர் காரணங்களை அடுக்கினார்.

அப்புறம் எங்கள் சமையல்காரம்மா, பாத்திரம் எடுக்க வந்தவர், கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "அந்தப் பிள்ளையளுக்கு மெட்ராசில ஆர் சமைச்சுக் குடுத்தது?"

முதலில் சிரித்தோம். பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இங்கிருந்து போன பையன்கள் யார் வீட்டில் தங்கினார்கள், யாருடைய காசில் படித்தார்கள், யாரோடு சேர்ந்து உண்டார்கள். அது தெரிந்தால் யாருக்காக எழுதினார் என்பதில் பாதி தெரியும். விரிவுரையாளரிடம் விடை இல்லை. இன்னும் தேடுகிறார். உம்முடைய பாட்டன், பூட்டன் வழியில் அந்தக் காலத்தில் சென்னைக்குப் போனவர் யாராவது உண்டா என்று வீட்டில் கேட்டுப் பாரும். பழைய கடிதம், பணம் அனுப்பிய துண்டு, எதுவானாலும் பரவாயில்லை. படம் எடுத்துக்கொண்டு வாரும், அசலை வீட்டில் வைத்துவிடும்.

கேள்வி: வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்? (பலர்)

பதில்: வாருங்கள். பன்னிரண்டரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விட்டுவிடுவோம், கேள்வி முடியாவிட்டாலும். சோறு உங்களுடையது, பிளேன்ரீ எங்களுடையது. வாழையிலையை வெளியே உள்ள வாளியில் போடுங்கள், பின்னேரம் ஊருக்குள் திரியும் மான்களுக்குப் போகும். மீன் முள்ளைத் தனியே வையுங்கள். அறைப் பூனை இப்போது மூன்று குட்டிகளோடு இருக்கிறது.